நியூட்ரலில் விட்ட படகு

போன ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் மலேசியாவின் லங்காவிக்குப் போனோம். தில்லியில் காலை பத்து மணிக்கும் எதிர் வீட்டு மாடி தெரியாத பனிமூட்ட வாரம் அது. கடலில் நான்கு நாள் என்றதும் பெரிய கப்பல், நீச்சல் குளம், பாட்டு, கூத்து என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முப்பத்தெட்டு அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று, அதை ஓட்ட ஒரு மாலுமி, பின்னால் கயிற்றில் இழுபட்டு வரும் டிங்கி ஒன்று, அவ்வளவுதான். டிங்கி என்பது மோட்டார் பொருத்திய சின்ன ரப்பர் படகு. பெரிய படகு போக முடியாத கரையோரங்களுக்கு அதில்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அந்த டிங்கியைப் பற்றியதுதான்.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் உமா. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்பு தள்ளிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுபவள். முனிர்காவில் மாணவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடும் தங்கராஜ் இரண்டாவது ஆள். மூன்றாவது முரளி, கரோல் பாக். மூவரும் பூசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தங்கராஜ் வீட்டில் திருநெல்வேலி, முரளி வீட்டில் கும்பகோணம், எங்கள் வீட்டில் சேலம். நாற்பது வருஷமாக ஒருவர் தமிழை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு, சண்டை என்று வந்தால் இந்திக்குத் தாவிவிடுவோம்.

யோசனை தங்கராஜுடையது. ஆனால் கிளம்பியதற்கு உண்மையான காரணம் முரளி. அவனுக்கு மனைவி இல்லை. மகள் நித்யாவும் அவனும்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், முப்பது வருஷமாக ஓட்டும் அதே வழியில் வீடு திரும்பும்போது ஒரு டெம்போவில் காரை உரசிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த கடையில் கொடுத்துக் கதவைச் சரி செய்துகொண்டான். இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைக்காரர் மூலமாகத்தான் நித்யாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்று அவன் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாகவும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். நித்யா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. கார் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து முரளி பாதி ஆளாகிவிட்டான். மெட்ரோவில் போகிறான், ஆட்டோவில் போகிறான், குறையொன்றும் இல்லை. ஆனால் பேச்சின் நடுவில் “நான் ஓட்டிண்டு வரேன்” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவான். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்காது.

கோலாலம்பூர் விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அவனே வாயைத் திறந்தான்.

“அந்தச் சின்ன போட் இருக்கே, அதை நாலு நாளும் நான்தான் ஓட்டுவேன்.”

“ஓட்டு. யாரு வேண்டாங்கா?” என்றான் தங்கராஜ்.

“முழுக்கக் கேளுடா. ஒரு தப்பும் நடக்காம ஓட்டிட்டேன்னா, நீங்க ரெண்டு பேரும் நித்யாகிட்ட எனக்காகப் பேசணும். நான் சொன்னா அவ கேக்க மாட்டா. நீங்க பார்த்ததைச் சொன்னா கேப்பா.”

நான் சரி என்றேன். தங்கராஜும் தலையாட்டினான். இப்படித்தான் ஒரு விடுமுறைப் பயணம் டிரைவிங் டெஸ்டாக மாறியது.

தில்லியிலிருந்து கோலாலம்பூருக்கு ஐந்தரை மணி நேரம், அங்கிருந்து லங்காவிக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு 21 கிலோமீட்டர். டாக்சிக்கு 40 ரிங்கிட். படகும் மாலுமியும் சேர்த்து நான்கு நாள், மூன்று இரவுக்கு 7,200 ரிங்கிட். அன்றைய கணக்கில் ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 22 ரூபாய். சாப்பாட்டுச் சாமான் நாமே வாங்கிப் போட வேண்டும். தங்கராஜ் மூன்று கிலோ வெங்காயம் வாங்கினான். கடலில் வெங்காயம் கிடைக்காது என்று எந்தப் பரம்பரை பயமோ தெரியவில்லை.

மாலுமி தேவன், கெடா மாநிலத்துத் தமிழர், நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, மூணு பேர்ல யாருக்கு நீச்சல் தெரியும்?” எனக்கு மட்டும்தான் தெரியும் என்றதும் மூன்று மிதவைச் சட்டைகளை எடுத்துக் கையில் கொடுத்து, “படுக்கும்போது மட்டும் கழட்டுங்க லா” என்று, மலேசியர்கள் பேச்சில் ஒட்டும் அந்த ‘லா’வோடு சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தோம்.

முதல் நாள் பதினொன்றரைக்குக் கிளம்பி, தெற்கே உள்ள தீவுக்கூட்டத்துக்கு ஒன்பது கடல் மைல், அதாவது சுமார் பதினேழு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் நங்கூரம் போட்ட தீவின் பெயரை எழுதவில்லை. அங்கே சிப்பி எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று தேவன் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தத் தீவுக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய இதுதான். சுண்ணாம்புப் பாறை நூறு அடி, இருநூறு அடி செங்குத்தாகக் கடலிலிருந்து எழும்பி நிற்கும். அடியில் அலை அரித்து அரித்து, பாறை உள்ளே குடைந்து போயிருக்கும். தண்ணீர் இறங்கிய நேரத்தில் டிங்கியை அந்தக் குடைவுக்குள் ஓட்டினால் தலைக்கு மேலே மலை நிற்கும். மணல் என்பது அங்கங்கே ஒரு சமையலறை அகலத்துக்குத்தான். மற்ற இடமெல்லாம் சிப்பி ஒட்டிய பாறை. கை வைத்தால் பிளேடு.

டிங்கியை ஓட்டத் தேவன் முரளிக்கு இருபது நிமிடம் பாடம் எடுத்தார். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். சிவப்புச் சுருள் கயிறு ஒன்று எப்போதும் மணிக்கட்டில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். தங்கராஜ் முயற்சி செய்து மூன்று முறை பெரிய படகிலேயே போய் இடித்துவிட்டு, “இது நமக்குத் தோதுப்படாதுல” என்று ஒதுங்கிக்கொண்டான். எனக்கு மோட்டார் இழுத்துக் கிளப்பத் தெம்பில்லை. முரளிக்கோ பத்தாவது நிமிடத்தில் கை பழகிவிட்டது.

அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. முதல் நாள் மாலை ஒரு நடை, மறுநாள் காலை ஏழரைக்கும் மாலை நான்கரைக்கும் இரண்டு நடை. பாறையை ஒட்டி, நடக்கும் வேகத்தில் போவோம். முரளி மோட்டாரை அணைத்துவிட்டு அலையின் போக்கில் விடுவான். குடைவுக்குள் தண்ணீர் போய் மோதி வரும் சத்தம் மட்டும் கேட்கும். ஓரிடத்தில் செம்பருந்துகள் பத்துப் பன்னிரண்டு வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் உடும்பு ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் நீந்திக் கடந்து போனது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் குரங்குகளைப் பார்த்து, “எங்க செக்‌ஷன் ஆபீசர் மாதிரியே இருக்குடி” என்று முரளி சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது! முதுகை நிமிர்த்தி, பின்னால் கை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எங்கள் பழைய முரளி. நித்யாவிடம் என்ன சொல்வது என்று நான் அப்போதே வாக்கியம் கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்குக் கிளம்பினோம். தண்ணீர் அன்று காலை 9.40க்கு முழுக்க வற்றி, மாலை நான்கு வாக்கில் முழுக்க ஏறும் என்று தேவன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். வித்தியாசம் இரண்டரை மீட்டருக்கு மேல். எங்களுக்கு அது வெறும் எண். தண்ணீர் என்றால் காலை ஐந்தரைக்குக் குழாயில் வரும், ஆறரைக்கு நிற்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பெரிய படகிலிருந்து 1.2 கிலோமீட்டர், ஒரு பாறை முனையைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு சின்ன மணல் துண்டு. பெரிய படகு அங்கிருந்து தெரியாது. 10.40க்கு இறங்கினோம். ஏற்கனவே ஒரு மீன்பிடிப் படகு அங்கே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரர்கள், ஒரு கணவனும் மனைவியும், கொஞ்சம் தள்ளிப் பாறையில் சிப்பி கொத்திக்கொண்டிருந்தார்கள். கையசைத்தோம், அவர்களும் கையசைத்தார்கள். கயிறு கட்டத் தோதாக ஒரே ஒரு பாறைக் கொம்புதான் இருந்தது. இடம் இல்லாததால் எங்கள் டிங்கியை அவர்கள் படகுக்கு முன்னால், வழியை அடைத்தபடிதான் இழுத்துப் போட முடிந்தது. நானும் தங்கராஜும் பைகளோடு முன்னால் நடந்தோம். முரளி கயிறைக் கட்டிவிட்டுப் பின்னால் வந்தான்.

பாறைகளில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனால் ஒரு குகை. உள்ளே போக ஏழெட்டு நிமிடம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்கிய சுண்ணாம்பு விழுதுகள், வௌவால் நாற்றம், மறு முனையில் ஒரு ஓட்டை வழியாகத் தெரியும் பச்சைக் கடல். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டு, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மணலுக்குத் திரும்பினோம். மீனவர் படகு இல்லை. டிங்கியும் இல்லை.

மணல் முன்பு இருந்ததில் பாதிதான் இருந்தது.

“களவாண்டுட்டானுவ” என்றான் தங்கராஜ். தில்லிக்காரனுக்கு முதலில் அதுதான் தோன்றும். அப்புறம் நான்தான் பார்த்தேன். வெளியே முந்நூறு, நானூறு மீட்டர் தூரத்தில், சாம்பல் நிறத்தில், யாருமில்லாமல் எங்கள் டிங்கி அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. என்னால் அவ்வளவு தூரம் நீந்த முடியாது. போன் இருந்தது, சிக்னல் இல்லை. கழற்றிப் போட்ட மிதவைச் சட்டைகளும் டிங்கியோடு போய்விட்டன. தேவன் கொடுத்த வாக்கிடாக்கி டிங்கிக்குள் விட்டுவந்த இன்னொரு பையில் இருந்தது. அதை அங்கே விட்டது நான்.

தங்கராஜ் முரளியின் பக்கம் திரும்பினான். “ஏல, கயிறைக் கட்டுனியா இல்லையா?”

முரளியின் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் தடவுவான். அப்புறம் சொன்னான்: “லூசாத்தான் விட்டேன். அவா படகுக்கு முன்னாடின்னா நின்னுது? அவா கிளம்பணும்னா நகத்திக்கட்டும்னு…”

ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம் தங்கராஜ் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். “ஏட்டி உமா, இவன் போட்டை நியூட்ரல்ல விட்டுட்டு வந்திருக்கான்!”

தில்லி தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கரோல் பாக் சந்துகளில் கார் நிறுத்த இடம் கிடையாது. ஒரு காருக்கு முன்னால் இன்னொரு காரை அடைத்துத்தான் நிறுத்துவோம். அப்படி நிறுத்தும்போது கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் விட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காரின் சொந்தக்காரர் வந்தால் நம் காரைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவார். ஹேண்ட்பிரேக் போடுகிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். முரளியின் காரே, சாவி பீரோவுக்குள் போனதிலிருந்து, அப்படித்தான் சந்தில் நிற்கிறது. தள்ளுகிறவர்கள் தள்ளத் தள்ள அது முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நானும் சிரித்தேன். நிம்மதியில் சிரித்தேன் என்பதுதான் உண்மை. மறதி இல்லை, மரியாதை! முப்பது வருஷத் தில்லிப் பழக்கம் அவன் கையைப் பிடித்து அப்படிச் செய்ய வைத்திருக்கிறது. இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க முடியாது. நித்யாவிடம் இதைச் சொன்னால் அவளும் சிரிப்பாள். சட்டைப் பையைத் தடவிய கையை நான் பார்க்கவில்லையா என்று கேட்டால், பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று அப்போது முடிவு செய்துகொண்டேன்.

சிரிப்பு கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மணல் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. பாறையில் ஏறினோம். என் உள்ளங்கையிலும் தங்கராஜின் முழங்காலிலும் சிப்பி கிழித்து ரத்தம். தண்ணீர் முழுக்க ஏறினால் எங்கே வரை வரும் என்று பாறையிலேயே கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அது எங்கள் தலைக்கு மேலே இருந்தது. கோட்டுக்கு மேலே ஏற ஒரே ஒரு வெடிப்புதான். தங்கராஜ் முதலில் ஏறி, கை கொடுத்து எங்களை இழுத்துவிட்டான். ஒரு பெஞ்சு அகலத்துக்கு இருந்த இடத்தில் மூன்று பேரும் கால்களை மடக்கிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்தோம். நான் பயந்துதான் இருந்தேன். தேவன் தேடுவார் என்று தெரியும்; ஆனால் அவரிடம் இருந்த ஒரே டிங்கியைத்தான் நாங்கள் தொலைத்திருந்தோம்.

முரளி ஒரே ஒரு முறை, என்னைப் பார்க்காமல், “டெஸ்ட் ஃபெயில்தானேடி?” என்றான். தங்கராஜ் பதில் சொன்னான்: “சும்மா இருல. எல்லாம் பேசிக்கிடலாம்.”

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மோட்டார் சத்தம் கேட்டது. அந்தக் கணவனும் மனைவியும் எங்கள் டிங்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் படகில் தேவனும் இருந்தார். பாறை முனையைத் தாண்டி டிங்கி தனியாக மிதந்து போனதைப் பார்த்து, அவர்தான் ஊதுகுழலை ஊதி ஊதி இவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் மலாயில் சொன்னதைத் தேவன் தமிழில் சொன்னார்: “இவங்க கிளம்பும்போது உங்க படகு வழியில நின்னுச்சாம். தள்ளி மேல மணல்ல விட்டுட்டுத்தான் போனாங்களாம். கயிறு எங்க இருந்துச்சுன்னு பாக்கலையாம்.”

தள்ளி நகர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கரோல் பாக்கில் செய்வது போலவே. ஆனால் கரோல் பாக்கில் தண்ணீர் மேலே ஏறி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

டிங்கியில் ஏறியதும் முரளி, மணிக்கட்டில் மாட்ட வேண்டிய அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றைத் தங்கராஜிடம் நீட்டினான். தங்கராஜ் அதை வாங்கவில்லை. “எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரியும்லா. நீயே எடு.” தேவனும் தடுக்காமல் டிங்கியின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். முரளி மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினான். பெரிய படகை அடைந்ததும் தேவன் மட்டும் ஒரு சட்டம் போட்டார்: “இனிமே கட்டுறவங்க ‘கட்டியாச்சு’ன்னு சத்தமா சொல்லணும். இன்னொருத்தர் முடிச்சைத் தொட்டுப் பாத்து ‘கட்டியாச்சு’ன்னு திருப்பிச் சொல்லணும். நானும் என் சம்சாரமும் இப்படித்தான் லா. பதினஞ்சு வருஷமா.”

நான்காம் நாள் காலையில் முரளி ஒரே ஒரு நடை ஓட்டினான். நாலு இடத்தில் கட்டினோம். நாலு இடத்திலும் “கட்டியாச்சு” என்றான். நான் முடிச்சைத் தொட்டுப் பார்த்து “கட்டியாச்சு” என்றேன். முதல் முறை இருவருக்கும் வெட்கமாக இருந்தது, நாலாவது முறை இல்லை.

திரும்பும் விமானத்தில் முரளி தூங்கியபோது நானும் தங்கராஜும் பேசி முடிவெடுத்தோம். நடந்ததை மறைக்க வேண்டாம், நியூட்ரல் கதையாகச் சொல்லிவிடலாம். பொய்யில்லை, அவன் சொன்னதைத்தானே சொல்லப்போகிறோம்? எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. வாக்கிடாக்கி என் கையில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு வந்தவள் நான். ஆனால் என் வீட்டுச் சாவியை யாரும் பீரோவில் வைத்துப் பூட்டப் போவதில்லை. நான் மறந்தால் அது மறதி, முரளி மறந்தால் அது வியாதி. இது என்ன நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கரோல் பாக். முரளியின் கார் வீட்டிலிருந்து மூன்று வாசல் தள்ளி, தூசியோடு நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினோம். நித்யா டீ போட்டுக் கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வயது, தில்லியில் பிறந்த பெண், நாங்கள் தமிழில் வேகமாகப் பேசினால் புரியாமல் பாதியில் “க்யா?” என்று இந்தியில் கேட்பாள்.

நான் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நியூட்ரல் என்ற இடம் வந்ததும் நித்யா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அரே அப்பா! போட்டுக்கும் ஹேண்ட்பிரேக் போடலையா?” தங்கராஜ் என்னைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

“நித்யா,” என்றான் முரளி. “நான் கயிறைக் கட்டினேனா, லூசா விட்டேனா, கட்டவே இல்லையா, எனக்கு ஞாபகமே இல்லைம்மா. இவா கேட்டப்போ மனசுல வந்ததைச் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சா. சரின்னு விட்டுட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அன்னிக்கு ரவுண்டானாவுல?” என்றாள் நித்யா. குரல் சின்னதாகிவிட்டது. “சச் பதாவோ, அப்பா. உண்மையைச் சொல்லுங்க.”

“அன்னிக்கும் அப்படித்தான். மூணு சுத்து சுத்தினேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலை. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா வந்துடுத்து. பயந்துட்டேன். அதான் சொல்லலை.”

நித்யா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வந்து சாவியை மேசையில் வைத்தாள். ஆனால் அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“நீங்க டெம்போல இடிச்சதுக்கு நான் சாவி எடுக்கலை. என்கிட்ட சொல்லாததுக்கு எடுத்தேன். இப்போ சொன்னதை டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லணும். அவர் ஓட்ட வேண்டாம்னா, அவ்வளவுதான், வேண்டாம். ஓகேன்னா நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சரியா? டீக் ஹை?”

“டீக் ஹை” என்றான் முரளி.

மாடிப்படி இறங்கும்போது தங்கராஜ், “நாம ரெண்டு பேரும் சேந்து அவனைக் கவுத்திருப்போம் போல” என்றான். நான் வருத்தப்பட்டது அதற்குத்தான். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் மிகவும் பயந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தை நகைச்சுவையாக மாற்றி, அவன் வாயை அடைத்துவிட்டோம். அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு தடவையாவது அவனிடம் “நிஜமா என்னடா ஆச்சு?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முரளி இதை வாசித்து, “போடு, ஒண்ணையும் வெட்டாதே” என்ற பிறகுதான் வெளியிடுகிறேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் கடல் அமைதி. மற்ற மாதங்களில் டிங்கியை நினைக்கவே வேண்டாம். எங்களுக்கு விசா தேவைப்படவில்லை, வருகைப் படிவம் மட்டும் ஆன்லைனில் நிரப்பினோம். இது மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 96,000 ரூபாய் ஆனது. செருப்போடு போகாதீர்கள், தடித்த ரப்பர் அடி உள்ள, காலை மூடும் ஷூ வேண்டும். தோட்ட வேலைக் கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொண்டால் சிப்பிப் பாறை ஒன்றும் செய்யாது. வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாக்கிடாக்கி படகில் இருக்கக்கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். இதை என்னைவிட அதிகாரத்தோடு யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். தீவில் இறங்கியதும் பாறையில் அந்தக் கறுப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெங்காயம் ஒரு கிலோ போதும்.

கயிறு விஷயத்தில் தேவனின் சட்டத்தைவிட நல்லதாக எனக்கு எதுவும் தெரியாது. ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் தொட்டுப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். யாருக்கு ஞாபகசக்தி அதிகம் என்ற பேச்சே அதில் வராது.

டாக்டர் முரளி சொன்னதை முழுக்கக் கேட்டார். இன்னும் இரண்டு பரிசோதனை செய்தார். அவன் வழக்கமாகப் போடும் ஒரு மாத்திரையை மாற்றினார். பகலில், பழகிய வழியில், பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஓட்டலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார். இப்போது ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பாவும் மகளும் மார்க்கெட் போய் வருகிறார்கள். போன வாரம் நானும் பின் சீட்டில் போனேன். திரும்பி வந்து சந்தில் நிறுத்தியதும் முரளி, “ஹேண்ட்பிரேக் போட்டாச்சு” என்றான். நித்யா தொட்டுப் பார்த்து, “போட்டாச்சு” என்றாள்.

இப்போது காரைக் கையால் தள்ள முடியாததால் சந்து முழுக்க அவனைத் திட்டுகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது யாராவது கீழே நின்று, “பாய் சாப், காடி ஹடாவோ!” என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். நித்யா வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு தடவையும் முரளி சாவியை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போகிறான்.